சாப்பா விழும் ஓசை



நினைவுக் கூட்டம் என்றால் இப்போது மேடைக்குப் பின்னால் ஒரு திரை கட்டாயம் இருக்கிறது. மறைந்தவரின் படங்களோ, ஊர் பட்ட ஒரு துயரத்தின் படங்களோ அதில் ஒன்று மங்கி இன்னொன்று தெளிந்து வந்துகொண்டிருக்கும். கூடவே வயலினோ புல்லாங்குழலோ பியானோவோ மெல்ல ஒலிக்கும். அந்தப் படங்களைத் திரட்டுவதற்காக வீடு வீடாக அலைந்தவர்கள், பெயரிலும் தேதியிலும் பிழை வந்துவிடக் கூடாதென்று நாலு பேரிடம் காட்டிச் சரிபார்த்தவர்கள், இசையை மட்டும் கூட்டத்துக்கு முந்தைய இரவில் தேடுகிறார்கள். ‘சோக இசை’ என்று தட்டச்சு செய்ததும் வந்து விழுபவற்றில் ஏதோ ஒன்று போதும் என்று முடிவாகிறது. அந்த வயலின் எந்த ஊர் வயலின், யாருக்காக வாசிக்கப்பட்டது, அதற்கும் திரையில் தெரியும் முகத்துக்கும் என்ன உறவு என்ற கேள்விகள் எழுவதே இல்லை. அந்தத் தேடலைத் தொடங்கும் இடமே பிழையானது என்பது என் வாதம். துயரமான காட்சிக்கு இசை தேடுகிறவர் சோகமான இசையைத் தேடக் கூடாது; அந்தத் துயரத்துக்கு உரியவர்களின் இசையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இசை இல்லாமலே காட்டலாம்.

பொதுப்படப் பேசினால் இது வெறும் ரசனைப் பேச்சாகிவிடும். ஆகவே நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் சொந்தத் துயரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி என்ற இருவர் குண்டு பட்டு இறந்தார்கள். அந்தோணி என்ற மூன்றாமவர் போலீஸ் கொடுமையில் உயிர் விட்டார். அவர்கள் எதிர்த்தது ‘சாப்பா’ முறையை. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் எடுக்கும்போது, வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்து, ஒருவரை ஒருவர் மிதித்து, வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்குக் கூலி. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். இந்தக் கதையை கே. எம். சிதம்பரன் 1968இல் நாடகமாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படம் 2023இல் வெளிவந்தது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி இங்குள்ள ஒரு பள்ளியோ வாசகசாலையோ பத்து நிமிடப் படக்காட்சி ஒன்று தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய துறைமுகப் படங்கள், இறந்தவர்களின் பெயர்கள், நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. இவற்றுக்கு அடியில் என்ன ஒலிக்க வேண்டும்?

‘சோகமான ஏதாவது’ என்று பதில் சொல்பவர், சோகம் வாத்தியத்திலோ ராகத்திலோ குடியிருக்கிறது என்று நம்புகிறார். தமிழர்களுக்கு இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஷெனாயைவிட நல்ல சான்று வேண்டாம். தமிழ்த் திரைப்படம் பார்த்து வளர்ந்த எவருக்கும் ஷெனாய் ஒலித்தாலே நெஞ்சு கனக்கும். கதாநாயகி கைம்பெண்ணாகும் காட்சியிலும், தாய் உயிர் விடும் காட்சியிலும், காதல் கைகூடாத காட்சியிலும் அதைக் கேட்டே பழகியவர்கள் நாம். மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதனின் குழுவில் இந்த வாத்தியத்தாலேயே ‘ஷெனாய் சத்யம்’ என்று பெயர் பெற்ற கலைஞர் ஒருவர் இருந்தார். ஆனால் விந்தியத்துக்கு வடக்கே ஷெனாய் கல்யாண வாத்தியம். நமக்கு நாதஸ்வரம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. குடியரசு பிறந்த 1950 ஜனவரி 26 அன்று உஸ்தாத் பிஸ்மில்லா கான் செங்கோட்டையில் வாசித்தது அந்த மங்கல ஒலியைத்தான். ஒரே குழல், ஒரே சீவாளி. காசியில் கல்யாணம், கோடம்பாக்கத்தில் கண்ணீர். முகாரி ராகத்தின் கதையும் வேறல்ல. அழுகைக்கு மறுபெயராகவே பேச்சுத் தமிழில் முகாரி வழங்குகிறது. தியாகராஜரோ சபரியின் பாக்கியத்தை வியக்கும் ‘எந்தநின்னே’ கிருதியை முகாரியில் அமைத்தார். சங்கீத ஞானம் தரும் பேரின்பத்தைச் சொல்லும் ‘சங்கீத சாஸ்த்ர ஞானமு’வும் முகாரிதான். கேட்பவரின் பழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கேதான் அழுகை வருகிறது. மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் கச்சி மேமன்களும் தமிழர்களும் மலையாளிகளும் ஒரே அரங்கில் அமர்கிறார்கள். நம்மை அழவைக்க என்று வைத்த ஷெனாய், பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அவருடைய மகளின் திருமணத்தை நினைவூட்டக்கூடும்.

இசை உளவியல் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், குறுக்கிடவும் வேண்டும். பால்க்வில், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்துஸ்தானி ராகங்களை அறியாத மேற்கத்தியர்களுக்கு அவற்றை வாசித்துக் காட்டியபோது, எது மகிழ்ச்சி, எது சோகம், எது கோபம் என்று அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. 2009இல் தாமஸ் ஃபிரிட்ஸும் அவருடைய குழுவும் கேமரூன் நாட்டு மாஃபா மக்களிடம் போனார்கள். மேற்கத்திய இசையையே கேட்டிராத அம்மக்களும் அதிலுள்ள மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே பிரித்தறிந்தார்கள். அப்படியானால் சோகத்துக்கு உலகப் பொதுவான அடையாளம் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஓரளவு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மெதுவான நடை, தணிந்த ஒலி, சின்ன எல்லைக்குள் இறங்கி இறங்கி வரும் சுரங்கள்: துயரத்தில் இருக்கும் மனிதர் பேசுவதும் இப்படித்தான் என்பதால் அதை எங்கும் அடையாளம் காண முடிகிறது. ஆனால் அந்த ஆய்வுகள் கேட்டது, ‘இந்த இசை எந்த உணர்ச்சியைக் குறிக்கிறது’ என்பதை. ‘சைதுவுக்காக நீங்கள் வருந்தினீர்களா’ என்பது முற்றிலும் வேறு கேள்வி. சோகத்தின் அடையாளத்தைக் கண்டுகொள்வதற்கும் ஒருவரை நினைத்துத் துக்கப்படுவதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. பொதுவான சோக இசை நம்மை முதலாவதில் நிறுத்திவிடுகிறது. எல்லாச் சாவுக்கும் பொருந்தும் இசை எந்தச் சாவையும் சொல்வதில்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ’ இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. தந்தி வாத்தியங்களுக்காக எழுதப்பட்ட அந்தப் படைப்பை 1938இல் இசை நடத்துநர் டாஸ்கனினி வானொலியில் முதன்முதலாக நடத்தினார். ஒரு சாவுக்காகவும் அது எழுதப்படவில்லை. 1945இல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்தது. பிறகு தலைவர்களின் சாவுக்கெல்லாம் ஒலித்தது. 1986இல் ‘பிளாட்டூன்’ படத்தில் வியட்நாம் போருக்கு ஒலித்தது. இன்றைக்கு அதன் முதல் சில சுரங்கள் எழுந்ததுமே, ‘ஓ, இப்போது அழ வேண்டிய இடம்’ என்று கேட்பவர் ஆயத்தமாகிவிடுகிறார். அற்புதமான படைப்பு அது. பயன்பாடு அதை ஓர் அறிவிப்புப் பலகையாக ஆக்கிவிட்டது.

இதற்கு நேர்மாறானது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மீராவின் ‘ஹரி தும ஹரோ’ பஜனையை எம். எஸ். சுப்புலட்சுமி பாட வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். 1947இல் சென்னையில் ஒலிப்பதிவு செய்து அனுப்பினார்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்ட செய்தியைத் தொடர்ந்து அகில இந்திய வானொலி அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. அது தர்பாரி கானடாவில் அமைந்த வேண்டுதல் பாட்டு. அடியார்களின் இடர் தீர்த்த இறைவனை அழைக்கும் பாட்டே தவிர, சாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைய நாட்டின் துக்கத்தை அது தாங்கியது. இறந்தவர் ஆசைப்பட்ட பாட்டு, அவருக்காகவே பாடப்பட்ட பாட்டு என்ற உறவு அதற்கு இருந்தது. அந்த உறவு இருந்ததால் சோகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது 1953க்குத் திரும்புவோம். இறந்த மூவரில் இருவர் முஸ்லிம்கள். மய்யித்து வீட்டில் ஓதும் குரல் உண்டு, துஆ உண்டு, வாத்தியம் கிடையாது. அந்தோணியின் வீட்டுத் துக்கத்துக்கு மாதா கோயில் மணி இருக்கும், செபம் இருக்கும். சற்றே நடந்தால் வரும் யூதத் தெருவில், பெற்றோரை இழந்தவர் ஓராண்டுக்கு இசை கேட்பதையே தவிர்ப்பது மரபாக இருந்தது. ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களோ சங்கு, சேகண்டி, பறை, ஒப்பாரி என்ற உலகத்திலிருந்து வந்தவர்கள். இத்தனை வகையில் துக்கம் காக்கத் தெரிந்த ஊரில், ஏதோ ஒரு கணினிக் கிடங்கிலிருந்து வந்த பியானோ ஒருவருக்கும் சொந்தமில்லை. சைதுவின் படத்துக்குக் கீழே வயலினை இழையவிடும்போது, அவருடைய சொந்தக்காரர்கள் துக்கம் காத்த முறையை நாம் பொருட்படுத்தவில்லை என்றே ஆகிறது. தயாரித்தவர்களின் நோக்கம் அதுவல்ல என்பதை அறிவேன். நோக்கத்தைத் தாண்டி விளைவு என்று ஒன்று இருக்கிறதே.

சரி, ஒவ்வொரு சமயத்தின் துக்க ஒலியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கோத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். வழிபாட்டு ஒலிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் பின்னணியாக்குவது மரியாதையும் இல்லை. அந்த மூவரும் சமயத்துக்காக இறக்கவும் இல்லை. அவர்களை ஒன்றாக நிறுத்தியது துறைமுகம். ஆகவே இந்தக் காட்சிக்கு உரிய ஒலி துறைமுகத்தின் ஒலி. கப்பலின் சங்கு, பாரம் தூக்கும்போது ஆள் மாற்றி ஆள் எழுப்பும் கூவல், படகில் மோதும் நீர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பா தரையில் விழும் ஓசை. ஓர் உலோக வில்லை கல் தரையில் விழுந்து உருண்டு அடங்குவதைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியே போதும். படக்காட்சியின் தொடக்கத்தில், திரை இருண்டிருக்கும்போது அந்த ஓசையை ஒருமுறை கேட்கவைத்து, பிறகு சாப்பா என்றால் என்ன என்று சொல்லட்டும். கடைசியில் பெயர்கள் வரும்போது அதையே மறுபடி கேட்கவைத்தால், அந்த வில்லைக்காக அடித்துக்கொண்டவர்களையும் அதை ஒழிக்க எழுந்து நின்றவர்களையும் கேட்பவரே இணைத்துக்கொள்வார். ஆயிரம் வயலின்கள் சேர்ந்தும் அந்த இணைப்பைத் தர முடியாது. அவற்றுக்கு இந்தக் கதை தெரியாது.

படக்கலையின் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில், ஊர் திரும்பிய ஹரிஹரன் மகளுக்கு வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. தாய் சர்வஜயா உடைந்து அழுகிறாள். அந்த அழுகைக் குரலை ராய் கேட்கவிடவில்லை. அதனிடத்தில் ரவிசங்கர் அமைத்த இசை, தார் ஷெனாயின் உச்சத் தாயியில் பட்தீப் ராகமாக எழுகிறது. அழுகைக்கு மேல் இசையைப் பூசாமல், அழுகை இருக்க வேண்டிய இடத்தில் இசையை வைத்தார்.  நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ படத்துக்கு இசையமைத்தவர் ஹான்ஸ் ஐஸ்லர். படங்கள் கொடூரமாக ஆக ஆக அவருடைய இசை மெலிந்து, மென்மையாகிக்கொண்டே போகிறது. பிணக்குவியலைக் காட்டும்போது இசையும் சேர்ந்து அலறினால் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே பேரழிவைப் பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஷோவா’வை 1985இல் தந்த குளோத் லான்ஸ்மன் பின்னணி இசையே வைக்கவில்லை. சாட்சிகளின் குரல், அவர்கள் பேச முடியாமல் நிறுத்தும் இடைவெளி, ரயிலின் ஓசை, அவ்வளவுதான்.

‘அவர்கள் மேதைகள், எங்கள் கூட்டத்தில் இசை இல்லாவிட்டால் ஜனங்கள் இருமுவார்கள், கைப்பேசியை எடுப்பார்கள், யாருக்கும் மனம் இளகாது’ என்ற மறுப்பு அடுத்து வரும். இதில் நடைமுறை உண்மை இருக்கிறது. ஆனால் எதற்காக இருமுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திரையில் வரும் படம் என்னவென்று சொல்லப்படாதபோது, ஒரே மாதிரிப் படங்கள் ஐந்து நிமிடத்துக்கு நகரும்போது கவனம் சிதறுகிறது. இசை அந்தச் சிதறலை மூடி மறைக்கிறதே தவிர, தீர்ப்பதில்லை. இருபது படங்களை ஏழாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி, சாட்சியம் தருபவரின் குரலைத் தடையின்றி ஒலிக்கவிட்டால் அரங்கம் தானாகவே அடங்கும். ஜனவரி 30 அன்று காலை பதினொரு மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம். அந்த இரண்டு நிமிடத்துக்கு யாரும் பின்னணி இசை கேட்டதில்லை.

பேச்சுக்கு அடியில் இசை வைத்தே ஆக வேண்டும் என்றால், காதின் இயல்பை மதித்து வைக்க வேண்டும். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளில் இருக்கிறது. வயலினின், புல்லாங்குழலின் மேல் தாயி வந்து மோதுவதும் அங்கேதான். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் மங்குவதும் உயர்ந்த அதிர்வுகளே. நினைவுக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்களும் அவர்களே. இசையோடு வரும் பேச்சைக் கேட்கச் சிரமப்படுபவர்களுக்காக, இணையப் பக்கங்களுக்கான உலக வழிகாட்டி நெறி ஓர் அளவு வைத்திருக்கிறது: பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். அதாவது காதுக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் கேட்க வேண்டும். நம் அரங்குகளில் பெரும்பாலும் இதற்கு எதிராகத்தான் நடக்கிறது. பேச்சுக்கு அடியில் பாட்டு வைப்பதோ இரண்டு சொற்களை ஒரே நேரத்தில் சொல்வதற்குச் சமம், இரண்டும் கெடும். இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் எம். கே. அர்ஜுனன் மாஸ்டர் சிறு வயதில் பழனி ஆசிரமத்தில் இசை கற்று, நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். நாடக ஆர்மோனியக்காரரின் கண் எப்போதும் மேடைமேல் இருக்கும். நடிகர் மூச்சை இழுத்தால் சுரத்தைத் தணிப்பார், வசனம் தொடங்கினால் விரலை எடுத்துவிடுவார். கணினியில் சுழலவிட்ட இசைக்கு அந்தக் கண் இல்லை. சாட்சியம் சொல்லும் முதியவரின் தொண்டை அடைத்து அவர் நிறுத்தும் இடத்திலும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பாட்டு வேண்டுமானால் அதைத் தனியே, முழுதாக, எழுந்து நிற்க இடம் கொடுத்து வைக்கலாம். இங்கே மெஹ்பூபை நினைக்காமல் இருக்க முடியாது. 1926இல் பிறந்து 1981இல் மறைந்த மெஹ்பூப், ‘நீலக்குயில்’ உள்ளிட்ட திரைப்படங்களில் பாடியவர். ஆனால் கொச்சிக்காரர்களின் நெஞ்சில் அவர் இருப்பது கல்யாண வீடுகளிலும் தெருமுனைகளிலும் விடிய விடியப் பாடியவராக. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் மாலையில் கேட்ட குரல் அது. 1953ஐப் பற்றிய காட்சியில் மெஹ்பூபின் பாட்டு ஒன்று வந்தால், அந்தத் தொழிலாளர்கள் இறந்தவர்களாக மட்டுமின்றி வாழ்ந்தவர்களாகவும் திரைக்கு வருவார்கள். இழப்பு என்னவென்று தெரிய, இருந்தது என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா?

சாவு பற்றிய நிகழ்ச்சியில் கல்யாணப் பாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நம் மூத்த இலக்கியமே பதில் வைத்திருக்கிறது. கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் நம் முன்னோர். விளரி யாழை அந்த நிலத்துக்கு உரியதாக்கி, சாப்பறையையும் நெய்தல் என்ற பெயராலேயே அழைத்தார்கள். அந்தப் பறையைப் பாட வந்த பக்குடுக்கை நன்கணியார், புறநானூற்றின் 194ஆம் பாட்டில் அதை மட்டும் தனியே கேட்கவிடவில்லை. ஒரு வீட்டில் நெய்தற்பறை முழங்கும்போதே இன்னொரு வீட்டில் மண முழவு ஒலிப்பதையும் காட்டுகிறார். கணவனைப் பிரிந்தவளின் கண்ணீரை, பூச்சூடிய பெண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். துயரத்தின் ஆழம் சோகமான ஒலியைப் பெருக்குவதால் வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மட்டாஞ்சேரித் தெருவுக்கும் அந்த இரண்டு வீடுகள் புதிதல்ல.

உரிமை பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டு. பாட்டின், மெட்டின் உரிமையோ படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பழைய இசைத்தட்டை எடுத்து ஒலிக்கவிடுவதற்கு முன் இவை இரண்டையும் பார்க்க வேண்டும், குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது கிடைக்கும் செய்திகளே காட்சிக்கு வேண்டிய பாதி வேலையைச் செய்துவிடும்.

அந்தக் கேள்விகளுக்குக் காலம் அதிகமில்லை. 1953இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்து தாண்டியிருக்கும். சாப்பா விழுந்த முற்றத்தில் என்ன கூவினார்கள், மூட்டை தூக்கும்போது என்ன பாடினார்கள், வேலைநிறுத்தப் பந்தலில் இரவுகளில் யார் பாடினார், எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர்கள் காதில் மட்டும் இருக்கிறது. அடுத்த செப்டம்பருக்கு இங்கே யாராவது படக்காட்சி தயாரிப்பதாக இருந்தால், பஜார் சாலையிலிருந்து புறப்பட்டு அந்த வீடுகளுக்கு இந்த மாதமே போகட்டும். கையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருக்கட்டும். படத்தைப் பற்றி எல்லோரும் கேட்டிருப்பார்கள். நீங்கள் பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.